ஃபேக்டரி பக்கத்திலேயே இருந்தும் கார் விற்காதது ஏன்?

வளரும் சந்தைக்கும் முதிர்ந்த சந்தைக்கும் நடுவே டீலர்கள் படும் பாடு: திருவள்ளூர் சொல்லும் கதை

திருவள்ளூர் மாவட்டப் பக்கத்துக்கும் காருக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. 1949-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் ‘ஆஸ்டின் ஏ40’ காரை அசெம்பிள் செய்யத் தொடங்கியது. அதே நிறுவனம் 1955-ல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறி, லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. 1998-ல் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் இருந்து மிட்சுபிஷி லான்சர் வெளியே வந்தது. 2013-ல் அதே ஆலையில் இசுசு வண்டிகள் தயாராகின. 2016-ல் இசுசு எல்லை தாண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டிக்குச் சொந்த ஆலை கட்டிப் போனது. 2021 முதல் பிரான்சின் சிட்ரோன் கார்கள் திருவள்ளூரில் தயாராகின்றன.

ஆக, ஆலைக்குக் குறைச்சலே இல்லை. ஏற்றுமதிக்கும் குறைச்சல் இல்லை. இதே மாவட்டத்தில் உள்ள காமராஜர் துறைமுகம் வழியாகத் திருவள்ளூர் சிட்ரோன்கள் வெளிநாடு போகின்றன. 2024-ல் மின்சார ‘இ-சி3’ கார்கள் 500 இந்தோனேசியாவுக்குக் கப்பலேறின. ஆனால் உள்ளூர்ச் சாலையில்? இந்திய கார் சந்தையில் சிட்ரோனின் பங்கு இன்னும் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. லான்சரும் பெயர் எடுத்த கார்தான். ஆனால் மெல்ல மெல்ல ஷோரூம்களில் இருந்து காணாமல் போனது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் முதல் கார் வாங்கும்போது, ஆலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அவர் கேட்பது ஒரே கேள்வி: “சர்வீஸ் எங்க விடறது?” வளரும் பொருளாதாரத்தின் கார் சந்தையைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியே சரியான தொடக்கம். முதிர்ந்த பொருளாதாரத்தில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. அங்கே கேள்விகளே வேறு.

முதல் காரும் மூன்றாவது காரும்

அமெரிக்காவில் ஆயிரம் பேருக்கு 800-க்கும் மேற்பட்ட வாகனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் ஆயிரம் பேருக்கு உள்ள கார்கள் முப்பதைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். டீலரின் தொழிலையே இந்த வித்தியாசம்தான் இரண்டாகப் பிரிக்கிறது.

அமெரிக்காவில் ஷோரூமுக்கு வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு காரில் வந்து இறங்குகிறார். பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கிறார். ஐந்தில் ஒரு புதிய வண்டி அளவுக்கு லீஸில் போகிறது. அதாவது, இரண்டு மூன்று ஆண்டு வாடகைபோல மாதத் தவணை கட்டிவிட்டு, வண்டியைத் திருப்பிக் கொடுத்து அடுத்ததை எடுப்பது. அவருக்கு கார் என்பது வாஷிங் மெஷின் மாதிரி: பழசு ஓய்ந்தால் புதுசு.

இந்தியாவில் ஷோரூமுக்கு வருபவர்களில் பெரும் பங்கு முதல் முறை வாங்குபவர்கள். பைக்கில் இருந்து காருக்கு மாறுபவர்கள். குடும்பமே ஷோரூமுக்கு வரும். மனைவியின் நகைக்கடன், அப்பாவின் பிஎஃப் பணம், ஏழு ஆண்டு இஎம்ஐ என்று பல கணக்குகள் அந்த ஒரு கையெழுத்தில் இருக்கும். அந்தக் கார் பத்து வருடம் ஓட வேண்டும். நடுவில் விற்க வேண்டி வந்தால் நல்ல விலை போக வேண்டும். ஆகவே அவர் வாங்குவது காரை மட்டும் அல்ல. பத்து வருடம் கூடவே இருக்கப்போகும் ஒரு வொர்க்‌ஷாப்பையும், ஸ்பேர் பார்ட்ஸ் கடையையும், மறுவிற்பனை விலையையும் சேர்த்தே வாங்குகிறார்.

மாருதி சுசூகி சுமார் 40 சதவீதச் சந்தையை வைத்திருப்பதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. நாடு முழுக்க 5,000-க்கும் மேற்பட்ட சர்வீஸ் மையங்கள். தாலுகா ஊரில்கூட ஒரு மாருதி மெக்கானிக் கிடைப்பார். காரில் குறை சொல்லலாம். ஆனால் “நடுராத்திரி ஊத்துக்கோட்டை ரோட்டில் வண்டி நின்னா என்ன பண்றது?” என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்கிறது.

முதிர்ந்த சந்தைப் பாணி இங்கே எடுபட்டதா?

சிட்ரோன் 2021 ஏப்ரலில் வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். முதல் கார் ‘சி5 ஏர்கிராஸ்’. விலை 29.90 லட்சம் ரூபாயில் தொடக்கம். பத்து பெரிய நகரங்களில் அழகான, டிஜிட்டல் திரைகள் நிறைந்த ஷோரூம்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் ஆர்டர் செய்தால் ஆலையில் இருந்து வீட்டுக்கே டெலிவரி. ஐரோப்பாவில் எடுபடக்கூடிய திட்டம்தான். வாங்குபவருக்கு பிராண்டு ஏற்கெனவே தெரியும், மெக்கானிக் பக்கத்துத் தெருவில் இருப்பார் என்றால் ஆன்லைன் போதும்.

2022 ஜூலையில் ‘சி3’ வந்தபோது தொடக்க விலை 5.71 லட்சம் ரூபாய். 90 சதவீதத்துக்கு மேல் உள்நாட்டுப் பாகங்கள். விலை சின்ன ஊர்க்காரரைக் கூப்பிட்டது. ஆனால் ஷோரூம் பெரிய நகரத்தில் இருந்தது. இந்த விலையில் கார் வாங்குபவர்கள் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருத்தணி போன்ற ஊர்களில் நிறையப் பேர். வெறும் திரையைப் பார்த்து வாழ்நாள் சேமிப்பைப் போட அவர்கள் தயாராக இல்லை. டச் பண்ணிப் பார்க்கணும், ஓட்டிப் பார்க்கணும், சர்வீஸ் சூப்பர்வைசரிடம் இரண்டு வார்த்தை பேசணும்.

எதிர் உதாரணம் தொலைவில் இல்லை. ஆந்திராவின் அனந்தபூரில் ஆலை வைத்திருக்கும் கியா, 2019 ஆகஸ்டில் ‘செல்டோஸ்’ காரை வெளியிடும்போதே 150-க்கும் மேற்பட்ட நகரங்களில் விற்பனை, சர்வீஸ் மையங்களைத் தயாராக வைத்திருந்தது. அதுவும் இந்தியாவுக்குப் புதிய பிராண்டுதான். முதலில் கடை, பிறகு கார் என்ற வரிசையை அது பிடித்துக்கொண்டது. ஒரே காரணத்தால் ஒரு கார் ஜெயிப்பதோ தோற்பதோ இல்லை. ‘சி3’ வந்த புதிதில் போட்டி கார்களில் இருந்த சில வசதிகள் இல்லாமல் வந்தது, அவை பிறகுதான் சேர்க்கப்பட்டன. ஆனாலும் நெட்வொர்க் என்ற வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டு இந்த இரண்டு கதைகளையும் விளக்க முடியாது.

டீலர் காசு பார்ப்பது எங்கே?

“கார் டீலரா? கோடீஸ்வரர்!” என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவில் ஒரு புதிய காரில் டீலருக்குக் கிடைக்கும் மார்ஜின் பொதுவாக 3 முதல் 5 சதவீதம். பத்து லட்சம் ரூபாய் காரில் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை. அதில் இருந்துதான் ஷோரூம் வாடகை, ஊழியர் சம்பளம், வங்கி வட்டி, வாடிக்கையாளர் கேட்கும் “ஃபுட் மேட், சீட் கவர் ஃப்ரீயா குடுங்க” எல்லாம்.

மீதியை இன்ஷூரன்ஸ் கமிஷன், கடன் ஏற்பாட்டுக் கமிஷன், ஆக்சஸரீஸ், எக்ஸ்சேஞ்ச் வண்டி, சர்வீஸ் ஆகியவற்றில் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். ஷோரூமில் “இன்ஷூரன்ஸ் எங்ககிட்டயே எடுங்க சார்” என்று விடாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். வெளியே எடுக்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு.

அமெரிக்க டீலருக்கும் புதிய காரில் லாபம் பெரிதாக இல்லை. ஆனால் அவருக்கு வேறொரு பலம் இருக்கிறது. அங்கே சாலையில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அத்தனை பழைய வண்டிகளும் சர்வீஸுக்கு வந்துதான் ஆக வேண்டும். டீலர்களின் மொத்த லாபத்தில் பாதிக்கு அருகில் சர்வீஸ், ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவில் இருந்தே வருகிறது. புதிய கார் விற்பனை ஒரு வருடம் படுத்தாலும் வொர்க்‌ஷாப் சோறு போடும்.

இந்தியாவில் புதிய பிராண்டின் டீலருக்கு அந்த மெத்தை கிடையாது. சாலையில் அந்த பிராண்டு கார்கள் குறைவு என்றால் சர்வீஸுக்கு வரும் வண்டிகளும் குறைவு. வொர்க்‌ஷாப் காலியாக இருந்தால் டீலர் கிளையை மூடுவார். கிளை மூடினால் “சர்வீஸ் இல்லப்பா” என்ற பேச்சு பரவும். பேச்சு பரவினால் விற்பனை மேலும் குறையும். வளரும் சந்தையில் சின்ன பிராண்டுகள் சிக்கிக்கொள்ளும் சுழல் இதுதான். லான்சருக்கு நடந்தது இதுவே. புதிய மாடல்கள் தாமதமாயின, வாங்குபவர் குறைந்தனர், பாகங்களுக்குக் காத்திருக்கும் நாட்கள் கூடின.

விற்றது யார், வாங்கியது யார்?

கார் விற்பனைச் செய்திகளைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். மாதம் முதல் தேதி நிறுவனங்கள் அறிவிக்கும் எண்ணிக்கை பெரும்பாலும் டீலருக்கு அனுப்பிய கார்கள். வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம் தருவது இந்தக் கணக்கு. டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா தருவது ஆர்டிஓவில் பதிவான கார்களின் கணக்கு. இரண்டுக்கும் உள்ள இடைவெளி எங்கே நிற்கிறது? டீலரின் யார்டில். வட்டி யார் கட்டுகிறார்? டீலர்.

2024 செப்டம்பரில் அந்த இடைவெளி அப்பட்டமாகத் தெரிந்தது. டீலர்களிடம் 80 முதல் 85 நாட்களுக்கான கார்கள், எண்ணிக்கையில் சுமார் 7.9 லட்சம், மதிப்பில் சுமார் 79,000 கோடி ரூபாய் தேங்கி நிற்பதாக ஃபாடா சொன்னது. 21 நாள் ஸ்டாக் போதும் என்பது அந்த அமைப்பின் வாதம்.

அமெரிக்காவிலும் இரண்டு மாத ஸ்டாக் சகஜம்தான். ஆனால் காரணம் வேறு. அங்கே வாடிக்கையாளர் வந்த அன்றே, மைதானத்தில் நிற்கும் நூற்றுக்கணக்கான வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓட்டிக்கொண்டு போவார். ஸ்டாக் அங்கே விற்பனை முறையின் அங்கம். இங்கே புக் செய்துவிட்டுக் காத்திருப்பது பழக்கம். எல்லோரும் கேட்கும் மாடலுக்கு மாதக்கணக்கில் வெயிட்டிங், யாரும் கேட்காத மாடல் யார்டில் தூசி படிந்து நிற்கும். டீலர் வேண்டாம் என்றாலும் வண்டி வந்து இறங்கும் என்பது நீண்டகாலப் புகார்.

ஆனால் “முதிர்ந்த சந்தை” என்பது நிரந்தரப் பட்டம் இல்லை. 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்காவிலேயே டீலர்கள் ஸ்டிக்கர் விலைக்கு மேல் ஆயிரக்கணக்கான டாலர் கூட்டி விற்றார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனிநபர் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே பழைய கார் வைத்திருந்தவர்தான் ராஜா. இந்தியாவிலும் 1983 டிசம்பரில் மாருதி 800 வரும் வரை அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். சரக்கு குறைந்தால் எந்த நாட்டிலும் டீலர் முதலாளி, சரக்கு கூடினால் வாடிக்கையாளர் முதலாளி. வளர்ந்த நாட்டில் இந்த ஆட்டத்துக்குச் சில விதிகள் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன.

பேரம் பேசலாமா?

அமெரிக்காவில் 1958 முதல் ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் விலை விவரச் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது சட்டம். அதில் இருந்து எவ்வளவு குறைப்பது என்பது டீலருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான மல்யுத்தம். டீலரை எந்த விலைக்கு விற்க வேண்டும் என்று நிறுவனம் கட்டாயப்படுத்துவது எளிதல்ல.

இந்தியாவில் அந்தச் சுதந்திரமே வழக்காகியிருக்கிறது. டீலர்கள் தரும் தள்ளுபடிக்கு உச்சவரம்பு வைத்ததாக 2021 ஆகஸ்டில் மாருதிக்கு இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. இதேபோன்ற விஷயத்தில் 2017-ல் ஹூண்டாய்க்கு விதிக்கப்பட்ட 87 கோடி அபராதத்தை அடுத்த ஆண்டு தீர்ப்பாயம் ரத்து செய்தது. சட்டம் எங்கே கோடு போடுகிறது என்பதே இன்னும் தெளிவாகவில்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் வந்திருக்கிறது. 2021 அக்டோபரில் மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியாவில் நேரடி விற்பனை முறைக்கு மாறியது. கார் நிறுவனத்துக்குச் சொந்தம், நாடு முழுக்க ஒரே எக்ஸ் ஷோரூம் விலை, டீலருக்கு கமிஷன் மட்டும். ஸ்டாக் சுமை டீலர் தலையில் இருந்து இறங்கியது. வாங்குபவருக்குப் பேரம் பேசும் அலைச்சல் இல்லை, பேரம் பேசும் வாய்ப்பும் இல்லை. சொகுசு காருக்கு இது பொருந்துகிறது. ஆறு லட்சம் ரூபாய் காரில் ஐயாயிரம் குறைத்து வாங்கினாலும் சந்தோஷப்படும் குடும்பத்துக்கு இது பிடிக்குமா என்பது சந்தேகம்.

பழைய காரில் எல்லை தெரியும்

ஒரு சந்தை எவ்வளவு முதிர்ந்தது என்று பார்க்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு: ஒரு புதிய காருக்கு எத்தனை பழைய கார் கைமாறுகிறது? அமெரிக்காவில் இரண்டுக்கும் மேல். இந்தியாவில் ஒன்றைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. மாருதி 2001-ல் ‘ட்ரூ வேல்யூ’ தொடங்கும் முன் பழைய கார் என்றால் தெரிந்த புரோக்கர், தெரிந்த மெக்கானிக், கொஞ்சம் அதிர்ஷ்டம் என்றுதான் இருந்தது. இன்று ஆப் வந்துவிட்டது, வாரண்டியும் வந்துவிட்டது.

ஆனால் கும்மிடிப்பூண்டி போன்ற எல்லை ஊரில் இந்தச் சந்தையின் குறை உடனே புலப்படும். எளாவூர் சோதனைச் சாவடி தாண்டினால் ஆந்திரா. அங்கே பதிவான கார் மலிவாகக் கிடைத்தாலும் ‘என்ஓசி’ வாங்க வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டு வாழ்நாள் வரி கட்ட வேண்டும். அந்த மாநிலத்தில் கட்டிய வரியைத் திரும்ப வாங்க மறுபடி அலைய வேண்டும். ஒரே நாடு, ஒரே நெடுஞ்சாலை, இரண்டு கார் சந்தை. 2021-ல் வந்த ‘பிஎச்’ பதிவு எண் வசதி அரசு ஊழியர்களுக்கும், பல மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவன ஊழியர்களுக்கும்தான். சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது எட்டாது.

கம்பெனி கிளம்பிப் போனால்?

வளரும் சந்தைக்கும் முதிர்ந்த சந்தைக்கும் உள்ள மிகப்பெரிய வித்தியாசம் விலையிலோ எண்ணிக்கையிலோ இல்லை. பிராண்டு கடையைக் கட்டும் நாளில் இருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ‘ஓல்ட்ஸ்மொபைல்’ பிராண்டை மூடப்போவதாக 2000 டிசம்பரில் அறிவித்து, 2004-ல் மூடியது. டீலர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தே அதைச் செய்ய முடிந்தது. காரணம், மாநிலங்கள்தோறும் டீலர் பாதுகாப்புச் சட்டம். போதாததற்கு, நியாயமில்லாமல் நடத்தும் நிறுவனத்தை டீலர் நீதிமன்றத்துக்கு இழுக்க 1956-ல் இயற்றிய மத்தியச் சட்டமும் உண்டு. 2009 திவால் நெருக்கடியில் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் டீலர்களைக் கழற்றிவிட்டபோதுகூட, அவர்கள் நடுவர் முன் முறையிடும் உரிமையை நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்தது.

அதே நிறுவனம் 2017 மே மாதம் இந்தியாவில் செவர்லே விற்பனையை ஆண்டு இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்தது. இங்கே டீலர்கள் நஷ்டஈடு போதாது என்று குரல் எழுப்பினார்கள். அவர்கள் கையில் இருந்தது நிறுவனம் எழுதிய ஒப்பந்தமும் 1872-ன் ஒப்பந்தச் சட்டமும்தான்.

2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சென்னைக்குத் தெற்கே மறைமலை நகர் ஆலைத் தொழிலாளர்களின் போராட்டம் செய்தியானது. அதற்கு இணையான இன்னொரு கூட்டம் கண்ணில் படவில்லை. ஃபாடா கணக்குப்படி 170 டீலர்கள், 391 ஷோரூம்கள், சுமார் 2,000 கோடி ரூபாய் முதலீடு, சுமார் 40,000 ஊழியர்கள். வெளியேறும் அறிவிப்புக்குச் சில மாதங்கள் முன்புவரை புதிய டீலர்கள் நியமிக்கப்பட்டதாகவும் ஃபாடா குற்றஞ்சாட்டியது. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று ஃபோர்டு உறுதி சொன்னது. இப்போது மறைமலை நகரில் இன்ஜின் தயாரிக்க மீண்டும் வருகிறது. ஆலை திரும்பலாம். ஷோரூம் மூடி வேலை இழந்த சேல்ஸ் எக்சிகியூட்டிவுக்கும், மறுவிற்பனை விலை சரிந்த கார் உரிமையாளருக்கும் அந்த நான்கு வருடம் திரும்பாது.

அரசின் முடிவுகளிலும் இதே கதை. 2025 செப்டம்பர் 22-ல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. வாங்குபவருக்கு நல்ல சேதி. ஆனால் பழைய ஸ்டாக்குக்கு டீலர்கள் ஏற்கெனவே கட்டிய இழப்பீட்டு செஸ் கணக்கில் மாட்டிக்கொண்டது. சுமார் 2,500 கோடி ரூபாய் என்பது ஃபாடாவின் மதிப்பீடு. சுமை இறங்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்.

மிட்சுபிஷி திரும்பி வந்த வழி

திருவள்ளூரில் லான்சர் தயாரித்த காலத்தின் மிட்சுபிஷி, காலப்போக்கில் இந்திய கார் சந்தையில் இருந்து மறைந்தது. 2024 பிப்ரவரியில் அந்தப் பெயர் மறுபடி செய்தியில் வந்தது. இந்த முறை கார் தயாரிக்க அல்ல. அதே குழுமத்தின் வர்த்தக நிறுவனமான மிட்சுபிஷி கார்ப்பரேஷன், டிவிஎஸ் மொபிலிட்டியின் வாகன விற்பனை, சர்வீஸ் நிறுவனத்தில் 30 சதவீதத்துக்கு மேல் பங்கு வாங்க முன்வந்தது. டீலர் தொழிலில் இறங்க.

டிவிஎஸ் 1911-ல் மதுரையில் பேருந்து தொழிலில் தொடங்கி, வாகன விற்பனைக்கு வந்த குடும்பம். பிராண்டுகள் வந்தன, போயின. வாடிக்கையாளருடன் நேரடியாகப் பேசும் கடை நிலைத்தது. கார் செய்வதைவிட கார் விற்று, பழுது பார்த்து, பழசை வாங்கி மறுபடி விற்பதில்தான் இந்தியாவின் அடுத்த இருபது ஆண்டு இருக்கிறது என்று ஒரு ஜப்பானிய நிறுவனம் கணக்குப் போட்டிருக்கிறது. முதிர்ந்த சந்தையின் பாடத்தை அது சரியாகவே படித்திருக்கிறது.

சட்டம் போட்டால் சரியாகிவிடுமா?

டீலர்களுக்குத் தனிச் சட்டம் என்ற கோரிக்கை புதிதல்ல. 2020 டிசம்பரில் தொழில்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் அப்படி ஒரு சட்டத்தைப் பரிந்துரைத்தது. ஃபாடா மாதிரி ஒப்பந்தம் ஒன்றையும் வெளியிட்டிருக்கிறது. இன்றுவரை சட்டம் வரவில்லை.

எதிர்வாதத்திலும் வலு இருக்கிறது. அமெரிக்கச் சட்டங்கள் டீலர்களைப் பாதுகாக்கப்போய், நுகர்வோரைக் கட்டிப்போட்டன. பல மாநிலங்களில் கார் நிறுவனம் நேரடியாக விற்கவே தடை. டெஸ்லா அந்தத் தடைகளை எதிர்த்து மாநிலம் மாநிலமாகப் போராட வேண்டியிருந்தது. டீலர்கள் அரசியல் செல்வாக்கு மிக்க கூட்டமாக வளர்ந்தார்கள். அந்தச் சட்டத்தை அப்படியே காப்பியடித்தால், நாளை நேரடியாக விற்க வரும் ஒரு மின்சார கார் ஸ்டார்ட்டப்பை வாசலிலேயே நிறுத்த வேண்டியிருக்கும். டீலரும் நஷ்டம் வரலாம் என்று தெரிந்தே முதலீடு போட்டவர்தானே என்ற கேள்வியும் நியாயமானது.

ஆகவே இந்தியாவுக்குத் தேவை நேரடி விற்பனைக்குத் தடை போடும் சட்டம் அல்ல. வெளியேறும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சட்டம். மூன்று விஷயங்கள் போதும். ஒன்று, பிராண்டு வெளியேறினால் விற்காத ஸ்டாக்கையும் ஸ்பேரையும் நிறுவனமே திரும்ப வாங்க வேண்டும். இரண்டு, கடைசி கார் விற்ற நாளில் இருந்து குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பாகங்கள் கிடைப்பதற்கு நிறுவனம் வைப்புத்தொகை கட்ட வேண்டும். மூன்று, பழுது பார்க்கும் தகவலும் பாகங்களும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது விஷயத்துக்கு இங்கே ஏற்கெனவே அடித்தளம் உண்டு. வெளிச்சந்தையில் பாகங்கள் கிடைக்காமல் செய்ததாக 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது மேல்முறையீடுகளில் நீண்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளம் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் அடக்கம். ஆனால் இணையதளத்தில் தகவல் போடுவது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு.

மாநில அரசுக்கும் இதில் பங்கு இருக்கிறது. புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும்போது நிலம், மின்சாரம், வரிச் சலுகை எல்லாம் பேசப்படுகிறது. எத்தனை பேருக்கு வேலை என்ற எண் மேடையில் வாசிக்கப்படுகிறது. அந்த ஆலையில் இருந்து வரும் காரை வாங்கும் குடும்பத்துக்கு எத்தனை ஆண்டு ஸ்பேர் கிடைக்கும் என்ற ஒரு வரியும் அதில் இருக்கலாம். சலுகை கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

சட்டம் வரும் வரை, முதல் கார் வாங்கும் இளைஞர் செய்யக்கூடியது என்ன?

* வீட்டில் இருந்து 30 கிலோமீட்டருக்குள் அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட வொர்க்‌ஷாப் இருக்கிறதா? ஷோரூம் வேறு, வொர்க்‌ஷாப் வேறு.

* ஐந்து வயதான அதே மாடல் பழைய கார் தளங்களில் என்ன விலைக்குப் போகிறது? மறுவிற்பனை விலைதான் சந்தையின் உண்மையான விமர்சனம்.

* பம்பர், ஹெட்லைட், கதவுக் கண்ணாடி வாங்க எத்தனை நாள் ஆகும்? சேல்ஸில் கேட்காமல் சர்வீஸ் கவுண்டரில் கேட்க வேண்டும்.

* ஆன் ரோடு விலையில் வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் தவிர வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள்? ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

* இன்வாய்ஸில் தயாரிப்பு மாதம், ஆண்டு பார்க்க வேண்டும். யார்டில் எட்டு மாதம் நின்ற வண்டிக்குப் புது வண்டி விலை கொடுக்கத் தேவையில்லை. பேரம் பேச அதைவிட நல்ல காரணம் கிடையாது.

சிட்ரோனுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. ஆலை இருக்கிறது, பாகங்கள் பெரும்பாலும் உள்நாட்டிலேயே கிடைக்கின்றன, துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது. ஆலை வாசலில் இருந்து ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு சின்ன வொர்க்‌ஷாப், இரண்டு லிஃப்ட், நான்கு மெக்கானிக், ஒரு ஸ்பேர் அலமாரி. அந்தச் செலவு ஒரு டிவி விளம்பரத்துக்கு ஆகும் செலவைவிட அதிகமாக இருக்கலாம். ஆனால் முதல் கார் வாங்கும் கும்மிடிப்பூண்டிக்காரர் விளம்பரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை காலையில் சர்வீஸுக்கு விட்டு, சாயங்காலம் எடுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் போடுகிறார்.